சாட்சிப் புத்தகம் அச்சேற உங்கள் காணிக்கை

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபை மக்களுக்கும், பிழைப்புக்காக வெளியூர் போயிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஸ்தோத்திரம். ஜெபித்ததையும் கிடைத்த பதிலையும் சொல்லும் நம் சபையாரின் சாட்சிகளைப் புத்தகமாக அச்சிட உங்கள் காணிக்கையைக் கேட்டு எழுதுகிறோம்.

2023 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி நம் தெருக்களுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்தபின் சேறு அள்ளப் போன வாலிபர்கள் ஒரு வீட்டில் ஊறிப்போன நீளக் கணக்கு நோட்டு ஒன்றை எடுத்தார்கள். காலஞ்சென்ற நம் உபதேசியாருடையது. இடப்பக்கம் யாருக்காக என்ன ஜெபம் என்ற குறிப்பு. வலப்பக்கம் பதில் கிடைத்த தேதி. முதல் 40 பக்கம் மை கரைந்தே போய்விட்டது. மீதியைத் தாளுக்குத் தாள் செய்தித்தாள் வைத்து உலர்த்திக் காப்பாற்றினோம்.

வலப்பக்கம் காலியாகவே விடப்பட்ட வரிகளும் அதில் உண்டு.

வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையில் எழுந்து சொல்லும் சாட்சி அன்றோடு காற்றில் போய்விடுகிறது. ஆகவே ஒன்றரை வருஷமாகப் பெரியவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, செல்போனில் பதிவுசெய்து எழுதி வருகிறோம். பீடி சுற்றி மகளை நர்ஸ் படிக்கவைத்த ஓர் அம்மா, "பணம் கேட்டு ஜெபித்தேன். பணம் வரவில்லை, கடன் கொடுத்தவர் தானாகத் தவணை தந்தார். அதுவும் பதில்தானே?" என்றார். பனையிலிருந்து விழுந்த ஒரு தாத்தா, மறுபடி ஏறவே முடியாதவர், "இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றார். அதையும் சேர்த்திருக்கிறோம். டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்டு, 1951-இல் மறையும்வரை 20 வருஷம் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்து எழுதினாரே, அந்த வரிசை இது. மருந்தை நிறுத்தியதால் சுகமானேன் என்று வந்த சாட்சிகளை மட்டும் சேர்க்கவில்லை. சிலருக்கு வருத்தந்தான்.

புத்தகத்தில் நாளுக்கு ஒரு பக்கம்: வேத வசனம், சாட்சி, இரண்டு வரி ஜெபம். கண்ணாடி போட்டும் சிரமப்படுகிறவர்களுக்காகப் பெரிய எழுத்து. மொத்தம் 384 பக்கம், அச்சகக் கணக்கில், 16 பக்கம் ஒரு பாரமாக, 24 பாரம். பிரதிக்கு 220 ரூபாய். 500 பிரதிக்கு 1,10,000. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் சமைக்கும்போது பிடி பிடியாக எடுத்துவைத்த அரிசியை விற்ற 18,500 ரூபாயை முதலில் தந்துவிட்டார்கள். இன்னும் 91,500 வேண்டும். நடமாட முடியாமல் வீட்டோடு இருப்பவர்களுக்குப் புத்தகம் இலவசம்.

"டோனாவூர் ஏமி அம்மா யாரிடமும் பணம் கேட்கவில்லையே?" என்று கமிட்டியிலேயே ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் கொரிந்து சபையாரிடம் கேட்டாரே! அந்தத் தைரியத்தில் கேட்கிறோம்.

ஞாயிறு காணிக்கைப் பையில் "சாட்சிப் புத்தகம்" என்று எழுதிய கவரில் போடலாம். பொருளாளரிடம் கொடுத்து ரசீதும் வாங்கலாம். வெளியூரில் இருப்பவர்கள் சபைக் கணக்கு விவரத்தை அவரிடமே கேளுங்கள். டிசம்பர் 31 ராத்திரி புத்தகம் கையில் இருக்க வேண்டுமானால் அக்டோபர் முடிவதற்குள் அச்சகத்துக்குப் பணம் போக வேண்டும். வரவுசெலவு ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். கொடுத்தவர் பெயர் புத்தகத்தில் வராது. மின்விசிறி இறக்கையில்கூடப் பெயர் எழுதிப் பழகிய சபை நாம். இந்த ஒருமுறை வேண்டாமே.

கரைந்துபோன அந்த 40 பக்கத்தில் உங்கள் பெயரும் இருந்திருக்கலாம். உபதேசியார் உங்களுக்காக என்ன கேட்டார் என்பது நினைவிருந்தால், காணிக்கை கொடுக்க இயலாவிட்டாலும் வந்து சொல்லுங்கள். அச்சுக்குப் போகும்வரை இடம் வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
சாட்சிப் புத்தகக் கமிட்டியார்