பள்ளிவாசலுக்கு முக்கால் மணி நேரம் போதாது

துபாய், அபுதாபிக்குக் குழுவாக ஆட்களை அழைத்து வரும் தமிழ்நாட்டு டூர் நடத்துநர்களுக்கு,

வணக்கம். நான் அபுதாபியில் வேலை பார்ப்பவன். போன டிசம்பரில் என் அம்மா உங்களைப் போன்ற ஒருவரின் குழுவோடு வந்தார். துபாயில் நாலு நாள், அபுதாபிக்கு ஒரு நாள். அந்த ஒரே நாளில் ஷேக் ஜாயித் பெரிய பள்ளிவாசல், ஃபெராரி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்கா வாசலில் போட்டோ, கடற்கரைச் சாலை, பேரீச்சம்பழக் கடை எல்லாம் அடக்கம். பள்ளிவாசலுக்குக் கிடைத்தது முக்கால் மணி நேரம்.

அம்மா அன்று பட்டுப்புடவை கட்டியிருந்தார். சாமி கும்பிடுகிற இடத்துக்குப் போகிறோம், நல்லதாகக் கட்டிக்கொள்வோம் என்ற நினைப்பு. இடுப்பு தெரிகிறது என்று நுழைவிடத்தில் நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், உடை விதி எல்லோருக்கும் ஒன்றுதான். கை, கால், இடுப்பு மறைகிற உடை, தலைக்கு ஒரு துப்பட்டா என்று முதல் நாள் இரவே வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டிருக்கலாமே? அம்மாவின் பெட்டியில் இரண்டு சுடிதார் இருந்தது. அதற்குப் பதிலாகக் கீழே இருக்கும் கடைத்தெருவில் அவசரமாக ஓர் அபாயா, அதாவது உடம்பு முழுக்க மறைக்கும் நீள அங்கி, வாங்கி மாட்டிக்கொண்டு ஓடினார். குழுவில் எல்லோரும் பார்க்கத் தனியாக நிறுத்தியது அவருக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் அந்த நீளமான சுரங்கப் பாதை. மேலே ஏறி, முற்றத்தைப் பார்த்து, வெள்ளைக் குவிமாடங்கள் தெரிய நாலு படம் எடுத்ததும் "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

உங்கள் ஆட்கள் எதையெல்லாம் பார்க்காமல் திரும்புகிறார்கள் தெரியுமா? தொழுகைக் கூடத்தில் நுழைந்ததும் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது சரவிளக்கைத்தான். 10 மீட்டர் அகலம், 12 டன் எடை, பார்க்க வேண்டியதுதான். ஆனால் குனிந்தும் பார்க்கச் சொல்லுங்கள். கீழே விரித்திருக்கும் கம்பளம் 5,627 சதுர மீட்டர். ஈரானில் சுமார் 1,200 பேர் கையால் முடிச்சுப் போட்டு நெய்தது. துண்டு துண்டாகக் கொண்டுவந்து இங்கே வைத்து இணைத்தார்கள். தள்ளி நின்றால் பூவேலை மட்டும்தான் தெரியும். கிட்டே வந்து பார்த்தால் கம்பளத்தின் மேலே மெல்லிய வரிகள் ஓடுவது தெரியும். தொழ வருகிறவர்கள் வரிசை பிசகாமல் நிற்பதற்காக அவற்றை வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கட்டடத்திலேயே மிகவும் பிடித்தது இந்த வரிகள்தான். வேடிக்கை பார்க்க வந்த நம் கண்ணில் படாமல், நெற்றி தரையில் படத் தொழுகிறவருக்கு மட்டும் வழி காட்டுகின்றன.

இந்தப் பள்ளிவாசலைக் கட்டத் தொடங்கியவர் அமீரகத்தின் முதல் அதிபர் ஷேக் ஜாயித். அவர் 2004-இல் காலமானார். திறப்பு 2007-இல்தான் நடந்தது. பள்ளிவாசலை ஒட்டியே அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். அங்கே இரவும் பகலும் குர்ஆன் ஓதுகிறார்கள், படம் எடுக்கக் கூடாது. உங்கள் வழிகாட்டி அந்தப் பக்கம் கையைக் காட்டி, "அங்கே ஒண்ணும் இல்லை" என்றாராம். அதைக் கேட்டு எனக்கு வருத்தமாகிவிட்டது.

அம்மா குழுவோடு ஊர் திரும்பாமல் என்னோடு இரண்டு வாரம் தங்கினார். ஒரு மாலை நானே கூட்டிப்போனேன். மஃரிப் என்கிற அந்தித் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது தூண்களுக்கு நடுவே நின்றிருந்தோம். அம்மா துப்பட்டாவை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, முடியும் வரை பேசவே இல்லை. இருட்டியதும் சுவர்களில் நீல ஒளி படர்ந்தது. நிலவின் பிறையைப் பொறுத்து விளக்கொளி மாறும், பௌர்ணமிக்கு வெள்ளை, தேயத் தேய நீலம் கூடும் என்று சொன்னேன். "அப்போ இன்னைக்குத் தேய்பிறை" என்றார் உடனே.

அனுமதி இலவசம், முன்பதிவு மட்டும் போதும். இலவசமாக விளக்கிச் சொல்லும் வழிகாட்டிகள் அங்கேயே இருக்கிறார்கள். உங்கள் ஆள் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னால் போதும். வெள்ளிக்கிழமை நண்பகலை மட்டும் தவிர்த்துவிடுங்கள், ஜும்மா தொழுகை நேரத்தில் சுற்றுலா வருபவர்களை விட மாட்டார்கள். அரையாண்டு விடுமுறைக் கூட்டத்துக்கு இப்போதே பயணத் திட்டம் போட்டுக்கொண்டிருப்பீர்கள். பேரீச்சம்பழக் கடையை எடுத்துவிட்டு, பள்ளிவாசலுக்கு நேராக மாலை 4.30 முதல் 6.30 வரை என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அபுதாபியிலிருந்து ஒரு மகன்