பொட்டலத்தின் பின்பக்கம்

திருவையாறு

அன்புள்ள மகளுக்கு,

அமெரிக்காவிலிருந்து வந்த உன் தோழியிடம் நீ கொடுத்தனுப்பிய பிஸ்கட் பொட்டலத்தையும், நம் கடைத்தெருவில் நான் வாங்கிய ஒன்றையும் திண்ணையில் அருகருகே வைத்து, பூதக்கண்ணாடியால் நேற்று முழுவதும் படித்தேன். இதயத்துக்குக் கேடு செய்யும் கொழுப்பு வகையான டிரான்ஸ் கொழுப்பு இல்லை என்பதுபோல 'டிரான்ஸ் கொழுப்பு 0 கிராம்' என்று போட்டிருப்பதை நம்பித்தான் பேரனுக்கும் அதையே கொடுக்கிறேன் என்று நீ போனில் சொன்னது மனத்தை விட்டுப் போகவில்லை.

அங்குள்ள விதிப்படி, ஒரு வேளைக்கென்று குறித்த அளவில் டிரான்ஸ் கொழுப்பு அரை கிராமுக்குக் குறைவாக இருந்தாலே 0 என்று அச்சிடலாம். உன் பொட்டலத்தில் அந்த அளவு மூன்றே பிஸ்கட். பேரன் ஒன்பது தின்றால் அந்தப் பூஜ்யத்துக்குள் ஒன்றரை கிராம் வரை ஒளிந்திருக்க இடமுண்டு. நம் நாட்டு விதி ஒரு நாளைக்குக் கணக்கிடும் மொத்த அளவே 2 கிராம்தான். டிரான்ஸ் கொழுப்பு பெரும்பாலும் வந்து சேர்வது பாதி ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய எண்ணெயிலிருந்துதான்; அதை உணவில் சேர்ப்பதை அந்நாட்டார் 2018 முதல் விலக்கத் தொடங்கியதால் ஆபத்து பெரிதும் குறைந்திருக்கும் என்பது எனக்கு ஆறுதல்.

இங்கே 100 கிராமில் 0.2 கிராமுக்கும் குறைவாக இருந்தால்தான் 'டிரான்ஸ் கொழுப்பு இல்லை' என்று சொல்லிக்கொள்ள முடியும். எண்ணெயிலும் கொழுப்பிலும் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2022 சனவரி முதல் நடப்பிலுள்ளது. ஆனால் நான் வாங்கிய பொட்டலத்தின் சேர்மானப் பட்டியலில் மாவுக்கும் சர்க்கரைக்கும் அடுத்து பாமாயில் இருக்கிறது. அதன் கொழுப்பில் ஏறக்குறைய பாதி, கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு என்பதால், டிரான்ஸ் வரியோடு அந்த வரியையும் பார்க்காமல் விட்டால் பாதிதான் படித்ததாகும்.

தீபாவளிக்கு நம் வீட்டில் வனஸ்பதியில் பாதுஷா செய்த காலம் உனக்கு நினைவிருக்கும். வாணலி ஆறியதும் ஓரத்தில் வெள்ளையாக உறைந்து நின்றதை உன் அம்மா கரண்டியால் சுரண்டி எடுப்பாள். கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்லதைக் குறைக்கும் இந்த டிரான்ஸ் கொழுப்பு அந்த வனஸ்பதியில் இருந்ததென்று அவளுக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகே தெரிந்துகொண்டேன். முன்பே படித்திருக்கலாமே என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

பேரனுக்கு அடுத்து வாங்கும் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. ஒரு வேளை அளவு, நிறைவுற்ற கொழுப்பு, சேர்மானப் பட்டியல் மூன்றும் தெளிவாகத் தெரியட்டும், சேர்ந்தே படிப்போம்.

அன்புடன்,
அப்பா