குடிபுகுந்த நாளில் எடுத்த படம் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழோடு வாரந்தோறும் வரும் வீடு–மனை இணைப்பைத் தவறாமல் படிக்கிறவர்களில் நானும் ஒருத்தி. அண்மையில் நான்கு வார இணைப்புகளை ஒருசேர எடுத்து வைத்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. படத்திலிருந்த அத்தனையும் புத்தம்புது வீடுகள். சுவரில் ஒரு விரல் தடம் இல்லை, சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, எந்த வீட்டுக் கொடியிலும் ஒரு துண்டுகூடக் காயவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாளோ மறுநாளோ எடுத்த படங்களாகத்தான் இருக்க வேண்டும். அழகான வீடு கட்ட ஆசைப்படும் குடும்பங்களுக்கு வழிகாட்டுவதே அந்தப் பக்கங்களின் நோக்கம் என்றால், குடிபோய் ஐந்தாறு ஆண்டுகள் ஆன வீடுகளையும் அதே அக்கறையோடு காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கேட்பதற்குக் காரணம் எங்கள் வீடுதான். மதுரைக்கு வெளியே முப்பதுக்கு நாற்பது அடி அளவுள்ள, இரண்டேமுக்கால் சென்ட் மனையில், 2016-ஆம் ஆண்டு எங்கள் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து மாடி வீடு கட்டினோம். மனை மேற்குப் பார்த்தது. நான் பல ஆண்டுகளாகப் பத்திரிகைகளிலிருந்து கத்தரித்துச் சேர்த்த படங்கள் ஒரு கோப்பு நிறைய இருந்தன. அதைப் பார்த்த பொறியாளர், மறு வாரமே கைப்பேசியில் வீட்டு முகப்பின் தோற்றத்தைக் காட்டும் ஒரு முப்பரிமாண எலிவேஷனைக் கொண்டுவந்து காட்டினார். கூடத்தின் முகப்பில் மாடிவரை எட்டும் பதினான்கு அடி உயரக் கண்ணாடி, அதன் இருபுறமும் அலுமினியத் தகடு ஒட்டிய சாம்பல் நிற ஏசிபி ஷீட், கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு வெளிச்சத்தில் மிதப்பதுபோல் ஒரு மாடிப்படி. சன்ஷேடு எங்கே என்று என் கணவர் கேட்டதற்கு, அதைப் போட்டால் எலிவேஷன் கெட்டுவிடும் என்று பதில் வந்தது. நாங்களும் தலையாட்டினோம். அந்தப் படம் அவ்வளவு அழகாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

கார்த்திகையில் பால் காய்ச்சினோம். சித்திரை பிறந்ததும் பட்டபாடு தெரிந்தது. பிற்பகல் இரண்டரை மணிக்குக் கண்ணாடி வழியாக வெயில் கூடத்தில் இறங்கத் தொடங்கும். தரை, சோபா, சுவர் என்று ஒவ்வொன்றாகச் சூடேறும். மூன்றரை மணிக்கு மாடிப்படியின் ஸ்டீல் கைப்பிடியைப் பிடிக்க முடியாது. பேத்தி புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள். என் மாமியார் தம்முடைய பிளாஸ்டிக் நாற்காலியோடு வெயிலுக்கு ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் பின்வாசலில் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். பல இலட்சம் செலவழித்துக் கட்டிய கூடம் இருக்க, வீட்டில் மூத்தவருக்கு உட்கார இடம் கிடைத்தது அங்கேதான். திரைச்சீலை போட்டோம். பதினான்கு அடி உயரத்திலிருந்து அதைக் கழற்றித் துவைக்க ஆள் கூப்பிட வேண்டியிருந்தது. போதாததற்கு, எந்நேரமும் மூடியே வைப்பதென்றால் கண்ணாடி எதற்கு என்ற கேள்விக்கும் யாரிடமும் விடை இல்லை.

இதில் விந்தை ஒன்றுமில்லை. வெயிலின் ஒளியைக் கண்ணாடி உள்ளே விட்டுவிடும். அந்த ஒளியால் சூடான தரையும் சுவரும் வெளிவிடும் அனலைத் திரும்ப வெளியே விடாது. குளிர் நாட்டில் செடி வளர்க்கக் கண்ணாடிக் கூடம் கட்டுவதே இந்தக் குணத்தை நம்பித்தான். நம் ஊரில் சூரியன் போகும் வழியையும் பார்க்க வேண்டும். மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே சாய்ந்து செல்கிறது. ஆகவே கோடையில் மிகுதியாக வெயில் வாங்குவது மொட்டைமாடி. அடுத்து கிழக்கு, மேற்குச் சுவர்கள். அந்த மாதங்களில் தெற்குச் சுவரில் நேர் வெயில் ஏறக்குறைய விழுவதே இல்லை. காலை வெயில் படும்போது காற்று குளிர்ந்திருப்பதால் கிழக்குச் சுவர் அவ்வளவாகத் தொல்லை தராது. மேற்கு வெயிலோ நாள் முழுதும் காய்ந்த காற்றோடு சேர்ந்து வந்து, நாம் படுக்கப் போகும் நேரம்வரை சுவருக்குள் தங்கிவிடுகிறது. மேற்குப் பார்த்த மனையில் கூடத்தை முன்னால் வைத்து, அதற்குக் கண்ணாடி முகம் கொடுத்தது எங்கள் முதல் பிழை. வாஸ்துவுக்காக அடுப்படியை மூன்று முறை மாற்றி வரைய வைத்த நாங்கள், வெயிலுக்காக ஒரு முறைகூடக் கேள்வி கேட்கவில்லை.

ஐந்தாவது ஆண்டில் அந்தக் கண்ணாடியைக் கழற்றினோம். வயதான மேஸ்திரி ஒருவர், அந்த இடத்தில் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கித் துளைச் சுவர் ஒன்று எழுப்பித் தந்தார். சாய்ந்து வரும் மேற்கு வெயிலைச் சன்ஷேடு மட்டும் தடுத்துவிடாது என்று சொன்னவரும் அவரே. அவர் சொற்படி துளைச் சுவருக்குப் பின்னால் ஓர் அடி தள்ளிக் கொசுவலை போட்ட மரக் கதவுகளை வைத்தோம். மேலே இரண்டரை அடிக்குச் சன்ஷேடும் இறக்கினோம். இப்போது பிற்பகலில் வெயில் பொடிப்பொடியாக நறுக்கப்பட்டு, சின்னச் சின்னக் கட்டங்களாகத் தரையில் விழுந்து, நேரம் போகப்போகச் சுவரில் ஏறுகிறது. ஆடி மாதத்தில் காற்று தாராளமாக உள்ளே வருகிறது. விலை கொடுத்து வாங்கிய எந்த அலங்காரப் பொருளும் அந்தக் கூடத்துக்கு இவ்வளவு அழகைத் தந்ததில்லை என்பது என் எண்ணம். கண்ணாடிக்கும் ஏசிபி ஷீட்டுக்கும் கொடுத்த தொகையில் கால் பங்குகூட இதற்கு ஆகவில்லை.

இந்தத் துளைச் சுவர் ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அன்று. திருவனந்தபுரத்தில் வாழ்ந்து பணியாற்றிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) தாம் கட்டிய வீடுகளில் ஜன்னலுக்குப் பதிலாக இதைத்தான் மிகுதியாகப் பயன்படுத்தினார். செங்கலைச் செங்குத்தாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டுமானத்தைப் பரப்பியவரும் அவரே. அதில் செங்கல் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மிச்சமாவதுடன், உள்ளே நிற்கும் காற்று அனலையும் தடுக்கிறது. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். பூசாமல் விடும் அந்தச் சுவருக்கு விளிம்பு உடையாத, ஒரே அளவான செங்கல் வேண்டும். கை பழகிய கொத்தனாரும் வேண்டும். எங்கள் பக்கத்துச் சூளைகளில் கிடைக்கும் கல்லை நம்பி வீடு முழுக்க அப்படிக் கட்டச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

தரையைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் வீட்டில் நம் உடம்பு எந்நேரமும் தொட்டுக்கொண்டிருப்பது அதைத்தான். கூடத்தில் நாங்கள் போட்டது முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பான விட்ரிஃபைடு டைல்ஸ். ஈரக் காலோடு வந்தால் வழுக்கும். தூசி ஒன்று விடாமல் தெரியும். மாடி அறைக்கு மட்டும் ஆத்தங்குடிப் பூக்கல் போடலாம் என்று மகன் சொன்னதால், காரைக்குடியை அடுத்த ஆத்தங்குடிக்கே ஒரு நாள் போனோம். கல் செய்கிறவர் சதுரக் கண்ணாடி ஒன்றை இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, அதன்மேல் பூ வடிவ அச்சை இறக்கி, கரண்டி போன்ற சிறு கிண்ணத்தால் சிமெண்டில் கரைத்த சாயத்தை ஒவ்வொரு அறையிலும் மளமளவென்று ஊற்றினார். பிறகு அச்சைச் சட்டென்று மேலே தூக்கினார். பச்சையும் மஞ்சளும் சிவப்பும் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நின்றன. அதன்மேல் உலர்ந்த மணல்–சிமெண்ட் தூவி ஈரத்தை உறிஞ்சவிட்டு, கலவையை அள்ளி வைத்துக் கரண்டியால் மட்டம் தட்டி, அடுத்த கல்லுக்குப் போய்விட்டார். சூளையில் சுடுவது கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் ஊறி, பின் காய்ந்தே கல் இறுகுகிறது. கண்ணாடி பட்ட பக்கம் கண்ணாடிபோலவே வழுவழுப்பாக வந்துவிடுகிறது. கையால் ஊற்றுவதால் இரண்டு கற்கள் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை.

படம் பார்த்து மயங்கி இந்தக் கல்லை வாங்குகிறவர்களுக்கு மறுபக்கமும் தெரிய வேண்டும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் நிறம் போய்விடும். புளித்தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் சிந்தினால் உடனே துடைக்காவிட்டால் தடம் விழும். பதிப்பதற்கும் பழகிய ஆள் வேண்டும். டைல்ஸ் ஒட்டுகிறவரிடம் கொடுத்தால் மட்டம் சரியாக வராது. முதல் ஆறு மாதம் மங்கலாகத்தான் இருந்தது. துடைக்கும் தண்ணீரில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்துவர, ஆட்கள் நடக்க நடக்க மெருகேறி, இன்று போட்ட நாளைவிடப் பளபளப்பாக இருக்கிறது. கூடத்து டைல்ஸுக்குப் பளபளப்பு முதல் நாளோடு சரி. அதன்பின் கீறல்தான் கூடுகிறது.

ஆத்தங்குடி என்றதும் செட்டிநாட்டு வீடுகளின் பேச்சு வந்துவிடுகிறது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அதன் பிறகோ என்னவோ, முப்பதுக்கு நாற்பது மனையிலும் ஃபைபரில் வார்த்த உருட்டுத் தூண் இரண்டை நிறுத்திச் ‘செட்டிநாட்டு பாணி’ என்று சொல்வது பெருகிவிட்டது. தங்கள் இணைப்பிலும் அப்படி ஒரு வீட்டைப் பார்த்தேன். அந்தப் பெரிய வீடுகளைக் கட்டியவர்கள் பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் பெல்ஜியக் கண்ணாடியையும் கப்பலில் தருவித்தவர்கள். வெளிநாட்டுப் பொருளை அவர்கள் வெறுக்கவில்லை. ஆனால் திண்ணை, முகப்பு, நடுவே வானம் பார்த்த வளவு, பின்கட்டு என்ற அமைப்பை விடவில்லை. மழைநீர் நாலாபக்க ஓட்டுக் கூரையிலிருந்தும் முற்றத்தில் இறங்கியது. சூடான காற்று அதன் வழியே மேலேறிப் போயிற்று. சின்ன மனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த அமைப்பைத்தான். மாடிப்படிக்கு மேலே நாலுக்கு நாலு அடித் திறப்பு விட்டுக் கம்பி வலை போட்டு, மழைக்கு ஒரு கூண்டும் வைத்தால் வளவு செய்த வேலையில் பாதியை அது செய்துவிடும். வாசலில் ஒன்றரை அடி அகலத்துக்குத் திண்ணை போட யாருக்கும் இடப் பஞ்சம் வந்துவிடாது. எங்கள் வீட்டில் கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கவாட்டில் பின்னாளில் ஒன்று கட்டினோம். துவைக்கும் கல்லை விட்டுவிட்டு மாமியார் அங்கே குடியேறினார். கீரைக்காரி முதல் கூரியர் பையன் வரை எல்லோருக்கும் அதுவே வரவேற்பறை.

உள் அலங்காரத்தில் அதிகம் சொல்ல எனக்கு இல்லை. ஃபால்ஸ் சீலிங் கூடத்தின் பத்தடி உயரப் பகுதியில் ஏறக்குறைய ஓர் அடியைத் தின்றுவிட்டு, மின்விசிறியைத் தலைக்கு அருகே இறக்கிவிட்டது. அதில் ஒளித்து வைத்த விளக்குப் பட்டையில் பல்லிதான் குடியிருக்கிறது. மாடுலர் கிச்சனில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழிருந்த மரத்தூள் பலகை இரண்டே ஆண்டுகளில் ஊறி உப்பிவிட்டது. பலகை வாங்குகிறவர்கள் அதன்மேல் அச்சிட்டிருக்கும் முத்திரையைப் பார்க்க வேண்டும்: ஐஎஸ் (இந்தியத் தரநிலை) 303 என்பது பொதுப் பயன்பாட்டு பிளைவுட், ஐஎஸ் 710 என்பது தண்ணீர் தாங்கும் மெரைன் பிளைவுட். நாங்கள் அதற்கும் போகாமல், பழையபடி கடப்பாக் கல் தட்டுகளை வைத்துக் கதவை மட்டும் மரத்தில் போட்டுவிட்டோம். கூடத்தோடு சேர்ந்த திறந்த சமையலறை வேண்டும் என்று கேட்டவள் நான்தான் என்பதால், வரமிளகாய் தாளிக்கும்போது வீடே இருமுவதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

மொட்டைமாடிக்கு மட்டும் பொறியாளர் முறையாகச் செய்தார் என்று சொல்ல வேண்டும். வெயிலும் மழையும் இறங்காதிருக்க, தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, அதன்மேல் சுடுமண் தட்டோடு பதித்துத் தந்தார். எங்கள் தெருவில் பிந்தைய வீடுகளில் இந்தச் செலவைத் தவிர்த்துவிட்டு, அந்தப் பணத்தை முகப்பு விளக்குகளில் போட்டிருக்கிறார்கள். படத்தில் தட்டோடு தெரியாது. முகப்பு விளக்கு தெரியும்.

ஆகவே, ஆசிரியர் அவர்களே, வண்ணப் படங்களை நிறுத்தச் சொல்லவில்லை. ஒவ்வொரு படத்தோடும் அந்த வீட்டின் வரைபடத்தை, வடக்குத் திசை குறித்து, சிறிதாகவேனும் வெளியிடுங்கள். கட்டிய பரப்பையும், செலவில் முகப்புக்கும் உள் அலங்காரத்துக்கும் போன பங்கு எவ்வளவு என்பதையும் உரிமையாளர் சொல்ல விரும்பினால் சேர்த்துப் போடுங்கள். மாதம் ஒரு முறையாவது பழைய வீடு ஒன்றுக்குப் போய், எதை மாற்றினீர்கள், எதை இடித்தீர்கள், துணி எங்கே காய்கிறது என்று கேட்டு எழுதுங்கள். அந்த வீட்டைத் தினமும் பெருக்கித் துடைக்கும் பெண்ணிடம் இரண்டு கேள்வி கேட்டால், கட்டடக் கலைஞர் சொல்லாத பல செய்திகள் கிடைக்கும்.

தொடங்குவதற்கு ஒரு வீடு தேவையென்றால் எங்கள் வீட்டுக்கே தங்கள் புகைப்படக் கலைஞரை அனுப்பலாம். சித்திரை மாதத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு வரச் சொல்லுங்கள். கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும். அதை எடுத்து உள்ளே வைக்கச் சொல்ல வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்,
மதுரை.