சின்னவன் கேட்ட கௌபாய் படம்

அன்பு மகளுக்கு,

சின்னவன் அந்தப் பழைய கௌபாய் படத்தைப் பார்க்கலாமா என்று போனில் நீ கேட்டபோது "பார்க்கட்டுமே, நல்ல படம்தானே" என்று சொல்லிவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. நேற்று ராத்திரி உட்கார்ந்து முழுசாக மறுபடியும் பார்த்தேன். ஏறக்குறைய 3 மணி நேரம். உன் அம்மா பாதியிலேயே தூங்கப் போய்விட்டாள்.

'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' பார்க்க என்னை முதலில் கூட்டிப்போனது உன் பெரியப்பா. எனக்கு அப்போது 12 வயது. இங்கிலீஷ் புரியாதே என்று பயந்துகொண்டே போனேன். முதல் பத்து நிமிஷம் படத்தில் யாருமே பேசவில்லை! டைரக்டர் செர்ஜியோ லியோனி எனக்காகவே எடுத்த மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு மாதம் இசையமைத்த மோரிக்கோனியின் அந்த ஊளைச் சத்தத்தைத் தெருவெல்லாம் விசிலடித்துக்கொண்டு திரிந்தேன். சின்னவனும் அதை எங்கேயோ கேட்டுத்தான் ஆசைப்பட்டிருப்பான்.

நீ துப்பாக்கிச் சூட்டை நினைத்துக் கவலைப்படுகிறாய். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. சுட்டால் விழுகிறார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு நம் படங்களில் ஓடுகிற ரத்தத்தில் பாதிகூட இல்லை. அன்று என்னைத் தூங்கவிடாதது வேறு. வில்லனாக வரும் லீ வான் கிளிஃப் ஒரு வீட்டுக்குள் வந்து, வீட்டுக்காரன் எதிரே உட்கார்ந்து, அவன் சோற்றையே நிதானமாகச் சாப்பிடுவான். பிறகு அவனைச் சுடுவான். சத்தம் கேட்டு ஓடிவரும் மூத்த பையனையும் விடமாட்டான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று உன் அப்பத்தா சொல்வாளே, அதைக் கண்ணால் பார்த்த பயம்.

கைதிகள் முகாம் அதைவிட மோசம். டூக்கோ என்கிற கொள்ளைக்காரனை அறைக்குள் வைத்து அடிப்பார்கள். அலறல் வெளியே கேட்காமலிருக்க, கைதிகளையே நிறுத்தி வாத்தியம் வாசிக்க வைப்பார்கள். வாசிக்கிறவன் அழுகிறான், பாட்டோ அவ்வளவு இனிமை. இந்த வயதில் எனக்கே படத்தை நிறுத்திவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவர வேண்டியிருந்தது. அமெரிக்காவில் இந்தப் படத்துக்கு, பெரியவர் துணையில்லாமல் சின்னப் பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்கிற 'ஆர்' சான்றிதழ் கொடுத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

இன்னொன்று. கதாநாயகனாக வரும் கிளின்ட் ஈஸ்ட்வுட்டை 'நல்லவன்' என்று திரையில் எழுத்துப் போட்டுக் காட்டுகிறார்களே, அவன் என்ன நல்லவன்? டூக்கோவைப் பிடித்துக் கொடுத்துப் பரிசுப் பணம் வாங்குகிறான். தூக்குக் கயிற்றைச் சுட்டு அறுத்து அவனைத் தப்பவைத்துப் பணத்தைப் பங்கு போடுகிறான். சலித்ததும் பாலைவனத்தில் விட்டுவிட்டுப் போகிறான். நமக்கு அந்தக் கிண்டல் புரியும். பத்து வயதுப் பிள்ளை எழுத்தை அப்படியே நம்பிவிடும். படம் முடியப் போகிற நேரத்தில், சாகக் கிடக்கும் ஒரு சிப்பாய்க்குத் தன் கோட்டைப் போர்த்திச் சுருட்டைக் கொடுப்பான். அந்த ஒரு இடத்தில்தான் அந்தப் பட்டம் அவனுக்குப் பொருந்துகிறது. அதைக் கவனிக்கிற பொறுமை வர இன்னும் மூன்று நான்கு வருஷம் ஆகட்டும்.

அதுவரை படம் எடுத்த கதையைச் சொல். அமெரிக்க உள்நாட்டுப் போர் என்று காட்டுகிற அந்த இடமெல்லாம் ஸ்பெயின். அங்கே பர்கோஸ் என்கிற ஊர்ப் பக்கத்தில் ஸ்பெயின் ராணுவத்தார்தான் ஆயிரக்கணக்கில் மண்மேடு குவித்து, கடைசிக் காட்சியில் வரும் கல்லறைத் தோட்டத்தை அமைத்தார்கள். படத்தில் வெடிவைத்துத் தகர்க்கிற பாலத்தை, கேமரா ஓடுவதற்கு முன்பே தவறுதலாக வெடித்துத் தொலைத்துவிட்டு, திரும்பக் கட்டி மறுபடி வெடித்தார்கள். கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பான்.

டூக்கோ தன் பாதிரியார் அண்ணனைப் பார்க்கப் போகிற இடம் எனக்கு நேற்றுத்தான் உறைத்தது. "நீ வீட்டை விட்டுப் போனபோது எனக்குப் பத்தோ பன்னிரண்டோ வயது, வீட்டில் நான்தான் இருந்தேன்" என்று அண்ணனிடம் சொல்வான். கைகலப்பாகிவிடும். வெளியே வந்து, அண்ணன் வீட்டில் எனக்கு எப்போதும் ஒரு கிண்ணம் சூப் உண்டு என்று ஈஸ்ட்வுட்டிடம் பெருமையாகப் பொய் சொல்வான். அவன் எல்லாம் தெரிந்தும் பேசாமல் சுருட்டை நீட்டுவான். உன் பெரியப்பா வேலை தேடிப் பம்பாய் போனது, நாங்கள் அந்தப் படம் பார்த்த அடுத்த வருஷம்.

மாப்பிள்ளையிடம் சொல்லி படம் இருக்கிற பென்டிரைவை அலமாரி மேல்தட்டில் வைக்கச் சொல். நேரம் வரும்போது நானே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா