கிறிஸ்துமஸ் ஸ்பெஷலை வெட்டிப் போட்டது குறித்து ஒரு புகார்

அனுப்புநர்:
ஆண்டுச் சந்தாதாரர் (சந்தா விவரம் இணைப்பில்),
கோயம்புத்தூர்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
ஓ.டி.டி. நிறுவனம்.

பொருள்: 'டாக்டர் ஹூ' தொடரின் 2012 கிறிஸ்துமஸ் ஸ்பெஷல் 'தி ஸ்னோமென்' காட்சிகள் வெட்டப்பட்டு, விளம்பரம் செருகப்பட்டு, வரிசை மாறி வெளியிடப்பட்டிருப்பது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்களிடம் இரண்டு விதமான ஆண்டுச் சந்தா இருக்கிறது. விளம்பரத்தோடு பார்ப்பது மலிவு, விளம்பரம் இல்லாதது விலை கூடியது. டிசம்பரில் ஆப்பைத் திறந்தாலே, 'கிறிஸ்துமஸ் ஸ்பெஷல்கள், முழுமையாக, விளம்பரமே இல்லாமல்' என்று திரை நிறைய ஒரு பேனர் வந்து நின்றது. அதை நம்பி விலை கூடியதை எடுத்தேன். விடுமுறைக்கு மகள் ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள், அப்பாவும் எங்களோடு இருந்தார். எல்லோரும் சேர்ந்து பார்க்க ஒன்று வேண்டும் என்று நான்தான் இந்த ஸ்பெஷலைத் தேர்ந்தெடுத்தேன். பல வருடங்களுக்கு முன்பே பார்த்து ரசித்தது. அதனால்தான் நீங்கள் எங்கெங்கே கை வைத்திருக்கிறீர்கள் என்று என்னால் சொல்ல முடிகிறது.

'டாக்டர் ஹூ' என்பது காலத்தில் பயணம் செய்யும் 'டாக்டர்' என்ற வேற்றுக்கிரகத்துக்காரரைப் பற்றிய பிரிட்டிஷ் தொடர். பிபிசி இந்த ஸ்பெஷலை 2012 டிசம்பர் 25 அன்று ஒளிபரப்பியது. எழுதியவர் ஸ்டீவன் மொஃபாட். ஒரு மணி நேரம் ஓடும். உங்கள் பக்கத்திலும் 'ஒரு மணி நேரம்' என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் படத்தை ஓடவிட்டால் கீழே உள்ள கோடு முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மிச்சக் கால் மணி நேரம் எங்கே போனது என்பதுதான் என் முதல் கேள்வி.

படத்தின் தொடக்கமே இல்லை. 1842ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் ஒரு பனிக்காலம். மற்ற பிள்ளைகளோடு சேராத ஒரு சிறுவன் தனியாகப் பனிமனிதன் செய்துகொண்டிருக்கிறான். அந்தப் பனிமனிதன் அவனோடு பேசுகிறது. அந்தக் காட்சியில் இவ்வளவுதான் நடக்கிறது, ஆனால் கதையின் ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது. அந்தச் சிறுவன்தான் ஐம்பது வருடம் கழித்து, 1892இல் லண்டனில் டாக்டர் சிமியனாக வருகிறான். ரிச்சர்ட் இ. கிராண்ட் நடித்திருக்கிறார். தன்னிடம் வேலை செய்தவர்களையே பனிமனிதர்களுக்கு இரையாக்கும் ஆள். பனிக்குள்ளிருந்து பேசும் 'கிரேட் இன்டெலிஜென்ஸ்' என்ற சக்திக்குக் குரல் கொடுத்திருப்பவர் இயன் மெக்கெல்லன். அந்தக் குரல் உண்மையில் யாருடையது என்பது கடைசியில் உடைகிறது. தனிமையில் வாடிய ஒரு பிள்ளையின் மனதுக்குள் இருந்ததைத்தான் பனி இத்தனை காலமும் எதிரொலித்துக்கொண்டிருந்தது. நீங்கள் தந்த பிரதி நேரே 1892இல் தொடங்குகிறது. பிள்ளையையே காட்டாமல் இந்த உண்மையை உடைத்தால் யாருக்கு என்ன புரியும்?

அடுத்து, நினைவுப் புழு. தொட்டால் கடைசி ஒரு மணி நேர ஞாபகம் போகும், கடித்தால் பல வருட ஞாபகமே அழியும். தொடரின் நாயகனான டாக்டரின் கூட்டாளி ஸ்ட்ராக்ஸ், உருளைக்கிழங்குத் தலையோடு வேறு கிரகத்திலிருந்து வந்த போர்வீரன், கையுறை போடாமல் அந்தப் புழுவைத் தொட்டுத் தொட்டு, எதற்கு வந்தோம் என்பதையே மறந்து மறந்து நிற்பான். படத்தின் சிறந்த நகைச்சுவைக் காட்சி இது. உங்கள் பிரதியில் ஒரு நொடிகூட இல்லை. காமெடி போனால் போகட்டும் என்று யாரோ முடிவு செய்திருக்கலாம். ஆனால் கிளைமாக்ஸில் டாக்டர் ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டுகிறார், அதற்குள் இருந்து இதே புழு வெளியே வந்து சிமியனைக் கடிக்கிறது, கதையே அங்கேதான் திரும்புகிறது. அப்பா ரிமோட்டைக் கையில் எடுத்து நிறுத்திவிட்டு, "இந்தப் புழு எங்கேருந்துடா வந்துச்சு?" என்று கேட்டார். நீங்கள் வெட்டி எறிந்த காட்சியை நான் வாயால் நடித்துக் காட்ட வேண்டியிருந்தது. சந்தா கட்டியதும் நான், கதை சொன்னதும் நான்.

அந்தப் பிஸ்கட் டப்பாவையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை. டப்பாவின் மேல் 1967ஆம் ஆண்டு லண்டன் சுரங்க ரயில் வரைபடம் அச்சிட்டிருக்கும், டாக்டர் அதைக் காட்டி இரண்டு வரி பேசுவார். இந்தக் கிரேட் இன்டெலிஜென்ஸ் முதன்முதலில் இந்தத் தொடரில் வந்தது 1967இல், அடுத்த வருடமே சுரங்க ரயிலுக்குள் புகுந்தது. பழைய ரசிகர்களுக்காக எழுத்தாளர் வைத்த குறிப்பு அது. நீங்கள் தரும் பிரதியில் டப்பா தெரிகிறது, அந்த வசனம் இல்லை. இரண்டு வரியை வெட்டி எத்தனை வினாடி மிச்சம் பிடித்தீர்களோ தெரியாது.

இனி விளம்பரம். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

பிபிசி உரிமக் கட்டணத்தில் இயங்கும் நிறுவனம். பிரிட்டனில் அதன் சேனல்களில் விளம்பரமே கிடையாது. அதனால் இந்தத் தொடரை எழுதும்போது 'இங்கே ஓர் இடைவேளை' என்று யாரும் நினைத்து எழுதுவதில்லை. ஒரு மணி நேரத்தையும் ஒரே மூச்சில் எழுதுகிறார்கள். அதற்குள் விளம்பரம் போட நல்ல இடம் என்று ஒன்று இல்லவே இல்லை. நீங்களோ கடிகாரத்தைப் பார்த்துப் போடுகிறீர்கள், காட்சியைப் பார்த்து அல்ல.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். தோழி ஏமியை இழந்த துக்கத்தில் டாக்டர் யாருக்கும் உதவ மாட்டேன் என்று மேகத்தின் மேல் போய் ஒதுங்கியிருக்கிறார். அவரைப் பார்க்க வேண்டும் என்று வரும் கிளாராவுக்கு (ஜென்னா கோல்மன்) ஒரு சோதனை வைக்கிறாள் மேடம் வாஸ்ட்ரா. முகத்திரைக்குப் பின்னால் பச்சைப் பல்லி முகம் கொண்ட துப்பறிவாளப் பெண்மணி. எந்தக் கேள்விக்கும் ஒரே ஒரு சொல்லில்தான் பதில் சொல்ல வேண்டும். மெல்லிய வெளிச்சம், எதிரெதிரே இரண்டு நாற்காலி, வாஸ்ட்ராவின் கேள்விகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இறுகிக்கொண்டே போகும். பனியால் வரும் ஆபத்தையும் டாக்டர் ஏன் உதவ வேண்டும் என்பதையும் அவருக்கு ஒரே சொல்லில் சொல் என்கிறாள். கேமரா கிளாராவின் முகத்துக்கு அருகே போகிறது. அவள் வாயைத் திறக்கிறாள். சமையல் எண்ணெய் விளம்பரம். அதற்குப் பின்னால் பல் துலக்கும் பேஸ்ட். திரும்பி வந்தபோது டாக்டர் தொலைபேசியைக் கையில் பிடித்தபடி நிற்கிறார், அந்தச் சொல் போயே போய்விட்டது.

இன்னொன்றும் உண்டு. மேகத்தின் விளிம்பிலிருந்து பனிப் பெண் கிளாராவை இழுத்துக்கொண்டு கீழே விழுகிறாள். படத்தில் நெஞ்சை அடைக்கும் இடம் அதுதான். அங்கே நீங்கள் போட்டது அடுக்குமாடிக் குடியிருப்பு விளம்பரம், 'உயரத்தில் வாழுங்கள்' என்ற வாசகத்தோடு. மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன், மறைக்கவில்லை. ஆனால் அந்த இடம் சிரிக்க எழுதியது இல்லையே.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சேனல்களின் ஒரு மணி நேர இடத்தில் விளம்பரத்துக்கு வழிவிட்டு, முக்கால் மணி நேரமாக வெட்டிய பிரதி ஒன்று உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். விளம்பரத்துக்காகக் காட்சியை வெட்டிவிட்டு, வெட்டிய பிரதிக்குள்ளே மறுபடி விளம்பரம். அதையும் விளம்பரமே இல்லை என்று காசு வாங்கிக்கொண்டு.

வரிசை விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஸ்பெஷலை ஏழாவது சீசனின் தலையில் 'எபிசோடு 0' என்று வைத்திருக்கிறீர்கள். சீசனை முதலிலிருந்து தொடங்குபவர்களுக்கு இதுதான் முதலில் ஓடும். உண்மையில் இது ஐந்தாவது எபிசோடுக்குப் பிறகு வர வேண்டியது. ஏமியும் அவள் கணவன் ரோரியும் டாக்டரைப் பிரிவது 2012 செப்டம்பர் 29 அன்று வந்த எபிசோடில். அந்தத் துக்கத்தில்தான் டாக்டர் மேகத்தில் ஒளிந்திருக்கிறார். அதைப் பார்க்காதவருக்கு இவர் ஏன் இப்படி முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார் என்றே விளங்காது.

அதைவிட மோசம் ஒன்று. முதல் எபிசோடிலேயே ஜென்னா கோல்மன் ஆஸ்வின் என்ற பெண்ணாக வந்து இறந்துபோகிறார். இங்கே கிளாராவாக மறுபடி வந்து மறுபடி இறக்கிறார். கல்லறைக் கல்லில் 'கிளாரா ஆஸ்வின் ஆஸ்வால்ட்' என்ற முழுப்பெயரைப் பார்த்ததும்தான் டாக்டருக்குப் பொறி தட்டுகிறது, இருவரும் ஒருவரேதானா என்று. முதல் எபிசோடைப் பார்த்தவருக்கு அங்கே உடம்பு சிலிர்க்கும். உங்கள் வரிசையில் பார்த்தால் ஏதோ ஒரு பெயர், அவ்வளவுதான். அந்தக் கல்லில் பிறந்த தேதி 23 நவம்பர் 1866 என்று இருக்கும். இந்தத் தொடர் பிபிசியில் முதன்முதலாக வந்ததும் ஒரு நவம்பர் 23, வருடம் 1963. இதை மகளுக்குக் காட்டலாம் என்று காத்திருந்தேன். சரியாக அந்த நேரத்தில் 'அடுத்த எபிசோடு தொடங்குகிறது' என்ற பெட்டி வந்து தேதியின் மேலேயே உட்கார்ந்தது. ஐந்து எண்ணுவதற்குள் படம் தாவிவிட்டது, சற்று முன் செத்த பெண் அடுத்த படத்தில் வேறு பெயரில் சமையல் செய்துகொண்டிருக்கிறாள்.

படத்தின் கீழே நீங்கள் எழுதியிருக்கும் கதைச் சுருக்கத்தில் கிளாரா இறப்பதையும் போட்டு உடைத்திருக்கிறீர்கள். யார் எழுதினார்கள் என்று தெரியவில்லை, தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

ஒரு பண்டிகை நிகழ்ச்சிக்கு இவ்வளவு சண்டையா என்று தோன்றலாம். இது கடமைக்கு எடுத்த பண்டிகை நிகழ்ச்சி இல்லை. கிறிஸ்துமஸ் என்றதும் ஆங்கிலேயர் மனதில் வரும் பலவும் விக்டோரியா காலத்தில் வேர் பிடித்தவை. விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை லண்டனில் 1843இல் அச்சானது. அரச குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் ஒரு லண்டன் வாரப் பத்திரிகையில் வந்த பிறகுதான் வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் மரம் பரவியது. பண்டிகை இரவில் பேய்க்கதை படிக்கும் வழக்கமும் அந்தக் காலத்தில் தழைத்ததுதான். அதனால்தான் பேய்க்கதையைப் போல ஒரு வீடு, உறைந்த குளம், அதில் மூழ்கி இறந்த ஆசிரியை, பயப்படும் இரண்டு பிள்ளைகள் என்று கதையைக் கட்டி, நடுவில் வேற்றுக்கிரகத்தாரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். முடிவும் பண்டிகையால்தான் வருகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் அழும் ஒரு குடும்பத்தின் கண்ணீர் பனிக்குள் புகுந்து, பனியெல்லாம் உப்பு மழையாகிப் பெய்கிறது. இதே தொடரின் 2008 ஸ்பெஷலும் 1851 லண்டனில்தான் நடக்கிறது. அதையும் உங்கள் தொகுப்பில் பார்த்தேன், அதிலும் விளம்பரம் இருக்கிறது. வெட்டு இருக்கிறதா என்று சரிபார்த்து நீங்களே சொல்லிவிடுங்கள்.

உங்கள் கஸ்டமர் கேரில் பேசியவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், அவர்கள் மீது குறை இல்லை. ஆனால் சொன்ன பதில்கள்! முதலில் கேஷை க்ளியர் செய்யச் சொன்னார்கள். அப்புறம் ஆப்பை அழித்து மறுபடி ஏற்றச் சொன்னார்கள். அதற்கப்புறம் என் இணைய வேகம் போதாது என்றார்கள். வேகம் குறைந்தால் படம் சுற்றிக்கொண்டு நிற்கும், 1842ஆம் வருடமே காணாமல் போகாது. கடைசியில் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று மெயில் வந்தது, கூடவே சேவைக்கு ஐந்து நட்சத்திரம் போடுங்கள் என்று ஒரு இணைப்பு.

ஆகவே நேராகக் கேட்கிறேன். ஒரு மணி நேர முழுப் பிரதியை ஏற்றுங்கள். உங்களிடம் அதற்கு உரிமம் இல்லையென்றால் 'முழுமையாக' என்ற சொல்லைப் பேனரிலிருந்து எடுத்துவிட்டு, சுருக்கப்பட்ட பிரதி என்று பக்கத்தில் எழுதுங்கள். ஸ்பெஷலை ஐந்தாவது எபிசோடுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் வையுங்கள், இது ஒருவர் கால் மணி நேரத்தில் முடிக்கக்கூடிய வேலை. கடைசிக் காட்சி முடியும்வரை அந்த அடுத்த எபிசோடு பெட்டி வரக் கூடாது. விளம்பரம் இல்லாத சந்தாவுக்கு நான் கூடுதலாகக் கட்டிய தொகையை, விளம்பரம் நிற்கும் நாள்வரைக்கும் கணக்குப் பார்த்துத் திருப்பித் தர வேண்டும்.

இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லி விற்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரம் என்ற வகையில் வரும். மின்வணிக விதிகளின்படி, இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நீங்கள் உறுதி செய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வேன், தேவைப்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். மிரட்டலாக எழுதவில்லை, முன்கூட்டியே தெரிவிக்கிறேன்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். பணத்தைக் கூப்பனாகவோ 'கூடுதல் ஒரு மாதம் இலவசம்' என்றோ தர வேண்டாம், எந்தக் கணக்கிலிருந்து எடுத்தீர்களோ அதே கணக்குக்கு வரட்டும்.

இப்படிக்கு,
ஆண்டுச் சந்தாதாரர்,
கோயம்புத்தூர்.

இணைப்பு: சந்தா ரசீது, டிசம்பர் பேனரின் ஸ்க்ரீன்ஷாட், ஓடும் நேரம் காட்டும் ஸ்க்ரீன்ஷாட், விளம்பரம் வந்த இடங்களைக் கைபேசியில் எடுத்த வீடியோ, கஸ்டமர் கேர் உரையாடலின் பிரதி.