மூரிலிருந்து தேன்மொழிக்கு

அன்புள்ள தேன்மொழி,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் கால் எப்படி இருக்கிறது? இத்தனை நாள் பதில் போடாமல் இருந்ததற்கு நீ என்னைத் திட்டியிருப்பாய். சரோஜா டீச்சர் வகுப்பில் எனக்கு வைத்த பெயரையும் சேர்த்தே திட்டியிருப்பாய். திட்டியது திட்டியதாகவே இருக்கட்டும். மேகத்திலிருந்து தரைக்கு இறங்கிச் சுழன்றடிக்கும் டொர்னேடோ காற்று வருகிறது என்று போன வாரம் இங்கே சைரன் அடித்தது. அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் யாழினிக்கு என் வாழ்த்து. இந்த அமெரிக்காவில், எங்கள் பக்கத்து ஊரான நார்மனில் வானிலைப் படிப்புக்கு இடம் கிடைப்பது லேசான காரியமில்லை. அவள் படிக்கப்போகும் கட்டடத்துக்குள்தான் நாடு முழுவதற்கும் டொர்னேடோ முன்னறிவிப்பு கொடுக்கிற மையமும் இருக்கிறது. புலியைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் பெண்ணை அனுப்பிவிட்டு, அந்தக் காட்டில் புலி உண்டா என்று பக்கம் பக்கமாகக் கேட்டு எழுதுகிறாயே! உண்டு, தாயே, உண்டு. நாங்கள் இருக்கும் மூர், ஒக்லஹோமா நகரத்துக்கும் நார்மனுக்கும் நடுவில் இருக்கிறது. 1999, 2003, 2010, 2013 என்று வரிசையாக அடி வாங்கிய ஊர். அங்கே வீடு வாங்கியவர் யார் என்று கேட்காதே, உனக்கே தெரியும். விலை குறைவாக இருக்கிறது என்றார்.

‘தானே புயலையே பார்த்தவள் நான், இதென்ன பெரிது’ என்று எழுதியிருந்தாய். அதுதான் என்னை யோசிக்க வைத்தது. தானே வருவதற்கு முன் நாள்கணக்கில் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள். உன் பெரியப்பா மெழுகுவர்த்தி, அரிசி, மண்ணெண்ணெய் எல்லாம் வாங்கி அடுக்கிவிட்டு, கடைசியில் மாட்டைத்தான் மறந்தார். 2011 டிசம்பர் 30 காலையில் அது கரையைக் கடந்தபோது கடலூர் மாவட்டத்துக்கே ஒரே அடி. முந்திரி, பலா எதுவும் மிஞ்சவில்லை. டொர்னேடோ அப்படி ஊரையே போர்த்திக்கொண்டு வராது. பெரும்பாலானவை சில நூறு மீட்டர் அகலம்கூட இருக்காது, சில நிமிடங்களில் கலைந்துபோகும். ஆனால் அது போகும் கோட்டில் வீடு தரைமட்டமாகும். இரண்டு தெரு தள்ளிக் கொடியில் காயும் துணி அப்படியே இருக்கும். 1999 மே 3 அன்று இந்த ஊருக்குள் புகுந்ததை நடமாடும் ரேடார் வைத்து அளந்தார்கள். காற்று மணிக்கு 480 கிலோமீட்டருக்கும் மேல். தானேயில் அடித்த காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் அளவுதான். இப்போது பெரிதா சிறிதா என்று நீயே சொல்.

அவகாசமும் நாள்கணக்கில் கிடைக்காது. 2013 மே 20 அன்று பிற்பகல் 2.40க்கு எச்சரிக்கை கொடுத்தார்கள், 2.56க்கு அது தரையைத் தொட்டது. அகலம் 1.7 கிலோமீட்டர். 39 நிமிடம் தரையில் இருந்தது. இறந்தவர்கள் 24 பேர். அதில் ஏழு பேர் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு வாய் அடைத்துப்போகும்.

சரி, போன வாரக் கதைக்கு வருகிறேன். காலையிலிருந்தே தெற்கிலிருந்து ஈரக்காற்று. நம் ஊர் ஐப்பசி மாதத்துப் புழுக்கம். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் அந்த ஈரத்தோடு மேற்கிலிருந்து வறண்ட காற்று வந்து மோதி, மேலே போகப்போகக் காற்று திசையும் வேகமும் மாறினால் மேகமே சுழல ஆரம்பிக்கும். சுழலும் மேகம் எல்லாம் டொர்னேடோ போடுவதில்லை, பெரும்பாலானவை சும்மாதான் போகும். இதெல்லாம் யாழினி உனக்கு வகுப்பே எடுப்பாள். மதியம் ‘வாட்ச்’ கொடுத்தார்கள். வரக்கூடிய சூழல் இருக்கிறது, செருப்பையும் டார்ச்சையும் எடுத்து வைத்துக்கொள் என்பது அதன் பொருள். சாயங்காலம் ஆறரைக்கு ‘வார்னிங்’. ரேடாரில் சுழற்சி தெரிகிறது, அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள், இப்போதே பதுங்கு என்று பொருள். கைப்பேசி ஒரு பக்கம் அலறுகிறது, வெளியே சைரன் ஒரு பக்கம். தொலைக்காட்சியில் வானிலைக்காரர் எந்தச் சாலையின் சந்திப்புக்கு எத்தனை மணிக்கு வரும் என்று நிமிடக்கணக்கில் வாசித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? இவர் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்! எதிர் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், அவருடைய நாய் எல்லோரும் ஏற்கனவே வாசலில். தென்மேற்கைப் பார்த்துக்கொண்டு தேர் வருகிறதா என்கிற பாவனையில் நிற்கிறார்கள். நான் உள்ளே இருந்து கத்துகிறேன். “ஒரு நிமிடம் இரு, சுவர் மாதிரி மேகம் இறங்குகிறது பார்” என்கிறார். அத்தை இன்னொரு பக்கம். “இந்த வயதுக்குமேல் நான் குழிக்குள் இறங்க மாட்டேன், வருவது வரட்டும்” என்று சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்தக் குழியை உனக்குச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்து வீடுகளுக்கு நிலவறை கிடையாது. அதனால் கார் நிறுத்தும் இடத்தின் சிமெண்ட் தரையை அறுத்து, இரும்புப் பெட்டி ஒன்றை உள்ளே இறக்கியிருக்கிறார்கள். மேலே இழுத்து மூடும் இரும்புக் கதவு. அதற்கு மேல்தான் கார் நிற்கும். படிகள் செங்குத்து, முதல் படியில் பின்பக்கமாகத் திரும்பிக் கால் வைக்க வேண்டும், அத்தையின் முழங்காலுக்கு அது பெரிய சோதனை. உள்ளே இரண்டு பக்கமும் ஒடுக்கமான பலகை. துருவும் பெட்ரோலும் கலந்த வாசனை, மூலையில் சிலந்திகள். தண்ணீர், டார்ச், விசில், மருந்து, பிள்ளைகளின் சைக்கிள் ஹெல்மெட்டுகள் எல்லாம் ஒரு பையில் எப்போதும் அங்கேயே இருக்கும். ஒரு ஜாக்கியும் இருக்கும். வீடு கதவின் மேல் சரிந்துவிட்டால் உள்ளிருந்தே கதவை நெம்புவதற்கு. அதுவும் போதாது என்று, குழி எந்த மூலையில் இருக்கிறது என்பதை நகராட்சியில் பதிந்தும் வைத்திருக்கிறோம். வீடே இல்லாமல் போனால் தீயணைப்புக்காரர்கள் எங்கே தோண்டுவது என்று தெரிய வேண்டுமல்லவா?

கடைசியில் சின்னவன்தான் அழுது அத்தையை இறக்கினான். “பாட்டி வந்தால்தான் நான் வருவேன்” என்று படியிலேயே நின்றுவிட்டான். அதற்குப் பிறகுதான் இவரும் வந்தார், அதுவும் வீடியோ எடுத்து முடித்துவிட்டு. ஹெல்மெட்டோடு கந்த சஷ்டி கவசம் சொன்ன என் மாமியாரின் படம் என்னிடம் இருக்கிறது, நேரில் வந்தால் காட்டுகிறேன்.

எங்கள் பக்கம் அன்று எதுவும் தரையைத் தொடவில்லை. ஆலங்கட்டி மட்டும். வெளியே வந்ததும் இவர், “பார்த்தாயா, நான் சொன்னேனே” என்றார். நான் இரண்டு நாள் பேசவில்லை.

ஏனென்றால், தேன்மொழி, அங்கேதான் ஆபத்து இருக்கிறது. பத்து எச்சரிக்கையில் ஏழு வரை பொய்த்துத்தான் போகும். பொய்க்கப் பொய்க்க மனிதர்களுக்குத் தைரியம் வந்துவிடுகிறது. 2011 மே 22 அன்று மிசௌரியில் ஜாப்லின் என்ற ஊரில் 158 பேர் நேரடியாக டொர்னேடோவில் இறந்தார்கள். சைரன் அடிக்கத்தான் செய்தது. அடிக்கடி கேட்ட சத்தம் என்பதால் பலர் முதல் சைரனுக்கு அசையவில்லை. வானத்தைப் பார்த்து, தொலைக்காட்சியைப் பார்த்து, உறுதியான பிறகு நகரலாம் என்று இருந்துவிட்டார்கள் என்று பிறகு விசாரித்தவர்கள் எழுதினார்கள். மழைக்குள் மறைந்து வருவதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய முடியாது. இருட்டில் வந்தால் கேட்கவே வேண்டாம்.

உன் மற்ற கேள்விகள். சன்னல்களைத் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகி வீடு தப்பிக்குமா? தப்பிக்காது. சன்னலைத் திறக்கப் போகிறவர்தான் கண்ணாடியில் மாட்டுவார். வீட்டின் தென்மேற்கு மூலை பாதுகாப்பா? அதுவும் பழைய கதை. கீழ்த்தளம், வெளிச்சுவர் ஒட்டாத, சன்னல் இல்லாத சின்ன அறை, அதுதான் விதி. குளியலறையோ, துணி வைக்கும் அறையோ, மாடிப்படிக்கு அடியிலோ, எது நடுவில் இருக்கிறதோ அது. தலைக்கு ஹெல்மெட், மேலே மெத்தை. பறக்கும் பலகையும் கண்ணாடியும்தான் ஆளைக் கொல்கின்றன. கால்களுக்கு மூடிய ஷூ, ஏனென்றால் வெளியே வரும்போது தரை முழுக்க ஆணியாக இருக்கும். சக்கரத்தின் மேல் வைத்துக் கொண்டுவந்து நிறுத்தும் வீடுகள் இங்கே நிறைய. அதில் இருப்பவர்கள் எச்சரிக்கைக்கு முன்பே கிளம்பி உறுதியான கட்டடத்துக்குப் போய்விட வேண்டும்.

பாலத்துக்கு அடியில் ஒதுங்கலாமா என்ற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நின்று பதில் சொல்கிறேன். 1991இல் கான்சாஸில் பாலத்துக்கு அடியில் பதுங்கித் தப்பித்தவர்களின் வீடியோ ஒன்று தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடியது. அதைப் பார்த்து ஊரே அது நல்ல இடம் என்று நம்பியது. 1999இல் அப்படிப் பாலங்களுக்கு அடியில் ஏறி உட்கார்ந்தவர்களில் மூன்று பேர் இறந்தார்கள். அந்த இடுக்கில் காற்றின் வேகம் இன்னும் கூடும். பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

இப்போது நான் எழுத வந்ததே இதற்குத்தான். யாழினி போன மாதம் எனக்கு அனுப்பிய செய்தியில், “ஆன்ட்டி, சீனியர்கள் காரில் டொர்னேடோவைத் துரத்திக்கொண்டு போவார்களாம், நானும் போவேன்” என்று பத்து சிரிப்புப் பொம்மைகளோடு எழுதியிருந்தாள். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். கோள் சொல்கிறேன் என்று அவள் என்மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை.

டிம் சமராஸ் என்று ஒருவர் இருந்தார். டொர்னேடோ போகும் பாதையில் கருவியை வைத்துவிட்டு ஓடிவருவது அவர் வேலை. 2003இல் தெற்கு டகோட்டாவில் அவர் வைத்த கருவி காற்றழுத்தம் 100 மில்லிபார் சரிந்ததைப் பதிவு செய்தது. அனுபவமும் நிதானமும் உள்ளவர் என்று துறையில் எல்லோரும் மதித்தவர். 2013 மே 31 அன்று, மூர் அழிந்து பதினோரு நாள் கழித்து, ஒக்லஹோமா நகரத்துக்கு மேற்கே எல் ரெனோ என்ற ஊரில் ஒன்று இறங்கியது. 4.2 கிலோமீட்டர் அகலம். அளந்ததிலேயே அகலமானது அதுதான். சட்டென்று பெருத்துத் திசை மாறியது. அவரும், மகன் பால் சமராஸும், கூடப்போன கார்ல் யங்கும் காரோடு போய்ச் சேர்ந்தார்கள். அதே மாலையில் பயந்துபோன ஊர் முழுவதும் காரை எடுத்துக்கொண்டு கிளம்ப, சாலைகள் அடைத்துக்கொண்டன. மழைநீர்க் குழாய்களுக்குள் பதுங்கியவர்கள் வெள்ளத்தில் போனார்கள்.

அத்தனை வருடம் அதையே படித்தவருக்கே அப்படி. இவள் ஓட்டுநர் உரிமம்கூட இங்கே வந்துதான் எடுக்கப்போகிறாள். பேராசிரியரோடு, முறையான ஆய்வுக் குழுவில் போனால் போகட்டும், நான் தடுக்க மாட்டேன். வார இறுதியில் நான்கு பிள்ளைகள் பழைய கார் ஒன்றில் போவது வேண்டாம். நீ சொன்னால் கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும், நீ உன் அம்மா சொல்லை எந்த லட்சணத்தில் கேட்டாய் என்பதும் தெரியும். அதனால் சண்டை போடாதே. வந்ததும் எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கட்டும், நான் பேசிக்கொள்கிறேன். ஒக்லஹோமா நகரத்துப் பக்கம் டிங்கர் விமானப்படைத் தளம் இருக்கிறது. 1948இல் அங்கே ஃபாபுஷ், மில்லர் என்ற இரண்டு அதிகாரிகள் வரைபடத்தை வைத்துக்கொண்டே இன்று சாயங்காலம் வரும் என்று சொன்னார்கள், வந்தது. உலகத்தில் டொர்னேடோவை முதலில் சரியாகக் கணித்தவர்கள் அறைக்குள் உட்கார்ந்துதான் கணித்தார்கள் என்று அவளிடம் சொல்லப்போகிறேன். நல்ல வாதம்தானே?

வீடு பார்க்கும்போது கீழ்த்தளமாகப் பார்க்கச் சொல். சைரன் வெளியில் இருப்பவர்களுக்கானது, தூக்கத்தில் கேட்காது. கைப்பேசியில் எச்சரிக்கை ஒலியை அணைத்து வைக்கக் கூடாது. சனிக்கிழமை பகல் 12 மணிக்கு அடித்தால் பயப்பட வேண்டாம், அது சோதனை. இங்கே வந்த முதல் சனிக்கிழமை அத்தை பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடினார்கள். அன்றைக்கு மட்டும் முழங்கால் வலிக்கவில்லை.

செல்வியின் பையனுக்குப் பெண் பார்த்தாகிவிட்டதா? பத்திரிகை வந்தால் படம் எடுத்து அனுப்பு. யாழினி வரும்போது அரை கிலோ பண்ருட்டி முந்திரி கொடுத்தனுப்பு, உடைத்தது வேண்டாம், முழுசு. பயணத் தேதி முடிவானதும் எழுது, விமான நிலையத்துக்கு இவரை அனுப்புகிறேன், வானம் தெளிவாக இருந்தால்.

அன்புடன்,
வசந்தா