பிக்கப்பில் எலக்ட்ரிக் ஃபேன் மாற்றக் கேட்கும் வாடிக்கையாளர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

அக்னி நட்சத்திரம் நெருங்கும்போது பிக்கப் வைத்திருப்பவர்கள் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "என்ஜின் ஃபேனைக் கழற்றிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போட்டுத் தருவீங்களா? ஹீட்டும் ஏறாது, மைலேஜும் கூடும்னு சொல்றாங்களே?" போட்டுத் தருவோம். ஆனால் எல்லா வண்டிக்கும் அல்ல. எதற்குப் போடுவோம், எதற்கு மறுப்போம், போடும்போது என்னென்ன வேலை இருக்கிறது என்று நின்றபடி பேசி முடிக்க முடியாது என்பதால் எழுதி அனுப்புகிறோம்.

ஹீட்டுக்காகக் கேட்பவர்களுக்கு முதல் பதில்: ஃபேனைத் தொடுவதற்கு முன் ரேடியேட்டரைப் பாருங்கள். ஏசி உள்ள வண்டியில் கண்டென்சருக்கும் (ஏசியின் சூட்டை வெளியேற்றும் வலை) ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடுக்கில் தூசி, பூச்சி, வைக்கோல் துணுக்கு எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்துவிடும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது, இரண்டையும் பிரித்துத்தான் கழுவ வேண்டும். உள்ளே பார்த்தால், வருடக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரில் உப்புப் படிந்து குழாய்கள் அடைத்திருக்கும். மூடியின் ரப்பர் செத்திருந்தால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும். தெர்மோஸ்டாட்டை, அதாவது என்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வை, கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுவது இன்னொரு பழக்கம். அப்படிச் செய்தால் என்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் டீசல்தான் கூடுதலாகக் குடிக்கும். இவற்றில் எது இருந்தாலும் எந்த ஃபேனும் உதவாது.

அடுத்தது இப்போதிருக்கும் ஃபேன். புதிய பிக்கப்புகள் பலவற்றில் ஃபேன் நேராகப் பூட்டியிருக்காது, நடுவில் விஸ்கஸ் கிளட்ச் இருக்கும். அதன் முகப்பில் உள்ள பைமெட்டல் சுருள், ரேடியேட்டர் வழியே வரும் காற்றின் சூட்டை உணர்ந்து வால்வைத் திறக்கும். உள்ளே இருக்கும் சிலிக்கான் எண்ணெய் பரவி ஃபேனைப் பிடித்துச் சுழற்றும். காற்று ஆறியதும் பிடி தளரும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் 'ஹூ'வென்று இரைவது கோளாறு இல்லை, இரவில் எண்ணெய் ஒரு பக்கம் தேங்கியதால் வருவது. நாள் முழுக்க இரைந்தால் கிளட்ச் இறுகிவிட்டது. என்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போது ஆஃப் செய்து, சாவியை எடுத்துவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையே இல்லாமல் பல சுற்று ஓடினால் எண்ணெய் கசிந்துவிட்டது. முகப்பில் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருப்பதும் அதற்கு அடையாளம். இந்த இரண்டு நிலையிலும் கிளட்சை மட்டும் மாற்றினாலே நீங்கள் தேடுகிற பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். எலக்ட்ரிக் ஃபேன் விற்பதைவிட இதைச் சொல்வதில் எங்களுக்கு லாபம் குறைவு, இருந்தாலும் நிலவரம் இதுதான்.

மைலேஜ் கணக்குக்கு வருவோம். ஃபேன் சுழலும் வேகம் இரட்டித்தால் அதற்குத் தேவையான பவர் எட்டு மடங்காகும். அதனால் கிளட்ச் இல்லாமல் நேராகப் பூட்டிய பழைய ஃபேன், ஹைவேயில் என்ஜின் வேகமாகச் சுற்றும்போது வீணாகப் பல குதிரைத்திறனை விழுங்கும். அங்கே காற்று தானாகவே முன்னாலிருந்து வருவதால் ஃபேனே தேவையில்லை. எலக்ட்ரிக் ஃபேன் 25 ஆம்பியர் இழுத்தால் சுமார் 340 வாட். ஆல்டர்னேட்டரில் வீணாவதையும் சேர்த்தால் என்ஜினுக்குச் சுமை ஒரு குதிரைத்திறனுக்குள் அடங்கும், அதுவும் ஓடும் நேரத்தில் மட்டும். எனவே பழைய நேர்ஃபேன் வண்டியில் வித்தியாசம் தெரியும். நல்ல நிலையில் உள்ள விஸ்கஸ் கிளட்ச் வண்டியில் மைலேஜை மட்டும் நம்பிப் பணம் போடாதீர்கள்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கும் பரவைக்கும் லோடு எடுப்பவர்கள், கோரிப்பாளையத்திலும் காளவாசலிலும் ஏசி போட்டபடி சிக்னலுக்குச் சிக்னல் நிற்பவர்கள் ஆகியோருக்கு எலக்ட்ரிக் ஃபேன் பொருந்தும். ஐடிலில் (வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது) என்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் பெல்ட் ஃபேனும், அதாவது என்ஜினே பெல்ட்டால் சுற்றும் பழைய ஃபேனும், மெதுவாகத்தான் சுற்றும். எலக்ட்ரிக் ஃபேனோ நிற்கும் வண்டியிலும் முழு வேகத்தில் காற்றிழுக்கும். மாறாக, முழு லோடோடு வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுபவர்கள், போடிமெட்டு, குமுளி ஏறுபவர்கள், மேலூர்ப் பக்கம் கல் லோடு அடிப்பவர்கள் இதைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வோம். செகண்ட் கியரில், மெதுவான வேகத்தில், என்ஜின் உச்சத்தில் முக்கும்போது முன்காற்று கிடையாது. அந்த நேரத்தில் பெல்ட் ஃபேன் தள்ளும் காற்றைச் சந்தையில் கிடைக்கும் சாதாரண எலக்ட்ரிக் ஃபேனால் தர முடியாது. கம்பெனி வாரண்டியில் இருக்கும் வண்டியையும் தொடமாட்டோம்.

இனி வேலை. ரேடியேட்டருக்கும் வாட்டர் பம்ப் புல்லிக்கும் இடையே உள்ள ஆழத்தை அளப்பதில்தான் தொடங்குகிறோம். ஃபேனின் தடிமன் போக, மோட்டாரின் பின்பக்கத்துக்கும் புல்லிக்கும் குறைந்தது 20 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், ஏனென்றால் என்ஜின் தன் மவுண்டிங்கில் ஆடும். இடம் இருந்தால் 16 இஞ்ச் ஒற்றை ஃபேன், இல்லாவிட்டால் 12 இஞ்சில் இரண்டு, என்ஜின் பக்கம் வைத்து இழுக்கும் வகை. கிரில் பக்கம் வைத்துத் தள்ளும் வகை கடைசி வழி. அது முன்காற்றை மறைக்கும்.

பழைய ஃபேனைக் கழற்றும்போது ஒரு சங்கதி அடிக்கடி தவறிப்போகிறது. பல வண்டிகளில் ஃபேனைப் பிடிக்கும் நான்கு போல்ட்டுகளே புல்லியையும் பிடித்திருக்கும். ஃபேன் போன பிறகு அதே போல்ட்டை முறுக்கினால், ஃபேன் தகட்டின் தடிமன் அளவுக்கு அது நீளமாகி, மரை அடியில் முட்டிவிடும். முறுக்கு ஏறியது போல் கைக்குத் தெரியும், ஆனால் புல்லி ஆடிக்கொண்டிருக்கும், பெல்ட் கத்தும், பிறகு வாட்டர் பம்ப் போகும். அந்தத் தடிமனுக்கு வாஷர் போட வேண்டும் அல்லது குட்டை போல்ட் போட வேண்டும். நடுவில் ஒரே பெரிய நட் உள்ள கிளட்ச் என்றால் மரை எந்தப் பக்கம் என்று முதலில் பார்க்க வேண்டும், சிலவற்றில் இடது மரை (எதிர்த்திசையில் கழற்ற வேண்டியது) இருக்கும்.

ஃபேனை விடக் கவுல், அதாவது ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரை மூடும் கூடு, முக்கியம். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் ஏறாதது போல, ரேடியேட்டர் முழுவதையும் மூடாத கவுலில் ஃபேன் பக்கத்துக் காற்றைத்தான் இழுக்கும், குழாய்களின் வழியே வர வேண்டிய காற்று வராது. அலுமினியத் தகட்டில் கவுல் அடித்து, விளிம்பு முழுக்க ஸ்பாஞ்ச் ரப்பர் ஒட்டுவோம். ஃபேன் வட்டத்துக்கு வெளியே மூலைகளில் ரப்பர் கதவுகள் வைப்போம். வேகத்தில் போகும்போது முன்காற்று அவற்றைத் திறந்துகொண்டு வெளியேறும். ஃபேனை ரேடியேட்டரின் துடுப்புகளுக்குள் (குழாய்களுக்கு இடையே உள்ள மெல்லிய தகடுகள்) பிளாஸ்டிக் டை நுழைத்துக் கட்டுவதைப் பல இடங்களில் பார்த்திருப்பீர்கள். ஆடி ஆடி அது குழாயைத் தேய்த்து ஓட்டை போடும். எங்கள் வேலையில் எடை முழுவதும் ரேடியேட்டர் ஃபிரேமில், ரப்பர் புஷ் வைத்த பிராக்கெட்டில் நிற்கும்.

வயரிங்கில்தான் பெரும்பாலான பழுதுகள் பிறக்கின்றன. 25 ஆம்பியர் ஃபேன் கிளம்பும் கணத்தில் அதைப் போல இரண்டு, மூன்று மடங்கு இழுக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 6 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரியை ஒட்டியே 40 ஆம்பியர் மேக்ஸி பியூஸ், அங்கிருந்து ரிலேயின் (சின்னக் கரன்டால் பெரிய கரன்டை இணைக்கும் ஸ்விட்ச்) 30-ஆம் எண் முனை, பிறகு 87-ஆம் முனை வழியாக ஃபேன். 86-க்கு இக்னிஷன் சப்ளை, 85 தெர்மோ ஸ்விட்ச் (சூடு ஏறினால் தானாக இணைக்கும் ஸ்விட்ச்) வழியாக எர்த். எர்த் வயரும் அதே தடிமனில், பெயின்ட் சுரண்டிய இடத்தில். ஹாரன் வயரில் தட்டி எடுத்த ஃபேன் சுற்றும், ஆனால் வோல்டேஜ் விழுந்து மெதுவாகச் சுற்றும், ஒருநாள் சாக்கெட் உருகும். வேலை முடிந்ததும் ஃபேன் முனையில் மீட்டர் வைத்து அளப்போம். பேட்டரிக்கும் அதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரிங்கை மறுபடி பிரிப்போம்.

தெர்மோ ஸ்விட்ச், தெர்மோஸ்டாட் திறக்கும் சூட்டுக்கு மேலே வேலை செய்ய வேண்டும். தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கும் வண்டியில், மேல் ஹோஸில் 92-இல் ஆன், 87-இல் ஆஃப் ஆகும் ஸ்விட்ச் போடுகிறோம். அதை 80-இல் வைத்தால் ஃபேன் நிற்கவே நிற்காது. ஹோஸை வெட்டி அலுமினிய அடாப்டரில் ஸ்விட்சைப் பூட்டும்போது கவனிக்க வேண்டியது: இருபக்கமும் ரப்பர் என்பதால் அடாப்டருக்கு எர்த் கிடைக்காது, ஒற்றை முனை ஸ்விட்ச் என்றால் தனி எர்த் வயர் இழுத்தால்தான் அது வேலை செய்யும். துடுப்புக்குள் செருகும் குச்சி சென்சார்களை நாங்கள் போடுவதில்லை, அவை நழுவும்.

ஏசி வண்டிக்கு, கம்ப்ரஸர் கிளட்ச் பிடித்தவுடன் ஃபேனும் ஓடும்படி இரண்டாவது இணைப்பு தேவை. இல்லாவிட்டால் நிற்கும்போது கேஸ் அழுத்தம் ஏறி ஏசி கட்டாகும். ஆல்டர்னேட்டரையும் கணக்குப் பார்ப்போம். ஹெட்லைட் இரண்டும் 9 ஆம்பியர், ஏசி புளோயர், வைப்பர், ஃபேன் எல்லாம் சேர்ந்தால் மழை இரவில் ஐடிலில் ஆல்டர்னேட்டர் தருவதைத் தாண்டிவிடும், பேட்டரிதான் மிச்சத்தைக் கொடுக்கும். அப்படி வந்தால் பெரிய ஆல்டர்னேட்டர் போட்டுத்தான் செய்வோம், இல்லையேல் வேலையை எடுக்க மாட்டோம்.

திசையைச் சோதிக்கக் கிரில் பக்கம் ஒரு செய்தித்தாள் போதும், ரேடியேட்டரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வயர் மாறிப்போன ஃபேன் காற்றை முன்னால் தள்ளும், ஊருக்குள் சமாளித்து ஹைவேயில் முன்காற்றோடு மல்லுக்கட்டி ஹீட் ஏற்றும். கூலன்டும் காய்ச்சிவடித்த தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றி, காற்றை வெளியேற்றி, பானெட்டை மூடி, ஏசி போட்டு, உச்சி வெயிலில் அரைமணி நேரம் ஐடிலில் விட்டு, ஃபேன் ஓடி நின்று ஓடுவதைப் பார்த்த பிறகே சாவியைக் கொடுப்போம்.

டேஷ்போர்டில் ஒரு சின்ன விளக்கும் ஒரு ஸ்விட்சும் வைத்திருப்போம். விளக்கு எரிந்தும் ஃபேன் சத்தம் இல்லையென்றால் மோட்டார் அல்லது எர்த். முள் ஏறியும் விளக்கு எரியவில்லையென்றால் ஸ்விட்சைப் போடுங்கள், ஃபேன் ஓடினால் தெர்மோ ஸ்விட்ச் போயிருக்கிறது, அப்படியே ஓட்டி வரலாம். ஓடாவிட்டால் பியூஸையும் ரிலேயையும் மாற்றிப் பாருங்கள், இரண்டிலும் ஒன்று ஸ்பேராக வண்டியில் இருக்கட்டும். பழைய ஃபேன், கிளட்ச், கவுல், போல்ட்டுகளைப் பையில் போட்டுத் தருவோம், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மலைக்கு லோடு அடிக்க ஆரம்பித்தால் அவற்றையே திரும்பப் பூட்ட வேண்டி வரும்.

வேலைக்கு முழு ஒரு நாள் ஆகும். தொகையை வண்டியை அளந்த பிறகு எழுதித் தருவோம். என்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்பதால் முதல் நாள் மாலையே வண்டியை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பட்டறையினர், மதுரை